ஸ்பெக்பை: எக்ஸ்ரே குழாயின் அவுட்புட்டைக் கணினி எவ்வளவு சரியாகச் சொல்கிறது?

80 கேவி (குழாயின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்), 1 எம்ஏஎஸ் (மில்லியாம்பியரில் குழாயின் மின்னோட்டம், அதை நொடியால் பெருக்கியது), 100 செ.மீ. தூரம். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இரண்டு மெஷின்களில் ஒன்று 40 மைக்ரோகிரே (கதிர் அளவின் அலகு) தரும், மற்றது 70 தரும். இரண்டுமே கியூஏ எனும் தரச் சோதனையில் தேறியவையாக இருக்கலாம். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) கேட்கும் சோதனைகள் எம்ஏவைக் (மின்னோட்டத்தை) கூட்டினால் கதிரும் அதே விகிதத்தில் கூடுகிறதா, ஒரே செட்டிங்கில் திரும்பத் திரும்ப அடித்தால் ஒரே அளவு வருகிறதா என்று பார்க்கின்றன. சாதாரண ரேடியோகிராபி மெஷினில் இத்தனை மைக்ரோகிரே வந்தே தீர வேண்டும் என்ற வரம்பு அதில் இல்லை. அதனால் டோஸ் மீட்டர் கையில் இல்லாதவர்கள் நோயாளிக்குப் போன கதிரைக் கணக்கிடக் கணினி மாதிரிகளைத் தேடிப் போகிறார்கள். அவற்றில் இப்போது கைக்கு எளிதானதும் நம்பகமானதும் ஸ்பெக்பை. அது எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே கவிழ்க்கிறது என்று பார்ப்போம்.

ஸ்பெக்பை ஒரு பைத்தான் நிரல்தொகுப்பு. இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது, எம்ஐடி உரிமம். பின்னணியில் இருப்பவர்கள் பொலுட்நியோவ்ஸ்கி, ஒமர், புய்லா, ஆன்ட்ரியோ ஆகியோர்; இரண்டாம் பதிப்பு பற்றிய அவர்களின் குறிப்பு 2021-இல் மெடிக்கல் பிசிக்ஸ் இதழில் வந்தது. பைத்தான் தெரியாதவர்களுக்கு உலாவியிலேயே இயங்கும் வடிவமும் உண்டு. இதே பொலுட்நியோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் இதே வேலைக்காக 2009-இல் வெளியிட்ட ஸ்பெக்கால்க் என்ற மென்பொருள் இன்னும் பல துறைகளின் கணினியில் கிடக்கிறது. அதற்கும் முன்னால் 1997-இல் பூனும் சீபர்ட்டும் தந்த டாஸ்மிப் என்ற மாதிரி, அதே ஆண்டு ஐபெம் என்ற பிரிட்டன் மருத்துவ இயற்பியலாளர் அமைப்பு வெளியிட்ட 78-ஆம் அறிக்கை. வரிசையைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் 1923-இல் கிராமர்ஸ் எழுதிய சூத்திரத்தில் நிற்கும். டாஸ்மிப், ஏற்கெனவே அளந்து வைத்த நிறமாலைகளுக்கு (எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் என்ற கணக்கு) நடுவே பல்லுறுப்புக்கோவை வைத்து இடைக்கணிப்பு செய்வது. ஸ்பெக்பையோ டங்ஸ்டன் தகட்டுக்குள் எலக்ட்ரான் எவ்வளவு ஆழம் போகிறது, அங்கே பிறக்கும் ஃபோட்டான் வெளியே வரும் வழியில் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. மாலிப்டினம், ரோடியம் ஆனோடுகளும் (எலக்ட்ரான் மோதும் தகடு) இருப்பதால் மேமோகிராபி எனும் மார்பக எக்ஸ்ரேக்கும் உதவும்.

கொடுக்க வேண்டியவை சில எண்கள்தான்: கேவி, ஆனோடு கோணம், ஃபில்டர் (கதிரின் வழியில் இருக்கும் தகடு) எந்த உலோகம், எத்தனை மி.மீ., தூரம், எம்ஏஎஸ். கேட்டு வாங்கக்கூடியவை: ஏர் கெர்மா (கதிர் காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றலின் அளவு) மைக்ரோகிரேயில், எச்விஎல் (கதிரைப் பாதியாக்கும் தடிமன்) மி.மீ. அலுமினியத்தில், முழு நிறமாலை. நொடியில் வந்துவிடும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது தானாக எடுத்துக்கொள்பவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனோடு கோணம் 12 பாகை, தூரம் 100 செ.மீ., 1 எம்ஏஎஸ். ஃபில்டர் எதுவும் தானாகச் சேராது, காற்றும் சேராது. 100 செ.மீ. காற்றை 1000 மி.மீ. ஃபில்டராக நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஃபில்டருக்கு மி.மீ., தூரத்துக்கு செ.மீ. என்று அலகு மாறுவதில்தான் புதிதாக வருபவர்கள் இடறுகிறார்கள். 80 கேவியில் காற்றை மறந்தால் ஏறக்குறைய 3 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கேவி குறையக் குறைய இது பெரிதாகும். ஸ்பெக்கால்க்கில் காற்று ஆரம்பத்திலேயே போட்டிருக்கும். அங்கிருந்து வருபவர்கள் இரண்டு மென்பொருளும் ஒத்துப்போகவில்லை என்று குழம்பினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேவியின் வர்க்கம் போதாதா?

பாடப்புத்தகத்தில் இருக்கும் வழி எளிது: அவுட்புட் கேவியின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஒரு கேவியில் அளந்துவிட்டு மற்றவற்றைப் பெருக்கி எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த கேவிகளுக்கு இது பரவாயில்லை. ஆனால் ஃபில்டர் வழியாக வந்த கதிருக்கு அடுக்கு 2 என்று நிற்பதில்லை. பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் விழும். மெஷினுக்கு மெஷின் மாறும், ஃபில்டர் தடித்தால் ஏறும், ஒரே மெஷினில் குறைந்த கேவியில் கூடுதலாகவும் அதிக கேவியில் குறைவாகவும் இருக்கும். உண்மையான அடுக்கு 2.4 என்று வைத்துக்கொள்வோம். 70-இலிருந்து 80-க்குப் போகும்போது வர்க்கத்தால் வரும் பிழை 5 சதவீதம் அளவுதான். 60-இலிருந்து 120-க்குத் தாவினால் வர்க்கம் 4 மடங்கு என்கிறது, மெஷின் 5.3 மடங்கு தருகிறது. மார்பு எக்ஸ்ரேயை 120 கேவியில் எடுக்கும் இடத்தில், 60 கேவியில் அளந்த ஒற்றை எண்ணிலிருந்து டோஸ் எழுதினால் கால்பங்கு காணாமல் போகும்.

மீட்டர் இருந்தால் 60, 80, 100, 120 என்று நான்கு இடங்களில் அளந்து, லாகரிதம் எடுத்து நேர்கோடு போட்டு, உங்கள் மெஷினின் அடுக்கையே கண்டுபிடிக்கலாம். அந்தக் கோடு அளந்த எல்லைக்குள் ஸ்பெக்பை அளவுக்கே நன்றாக வேலை செய்யும். ஃபில்டரை மாற்றினால் மட்டும் செல்லாது. ஸ்பெக்பையின் உண்மையான மேன்மை அங்கேதான்: 0.1 மி.மீ. தாமிரத்தை நுழைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்லும்.

பிழை எங்கே இருக்கிறது?

மென்பொருளின் இயற்பியலில் உள்ள பிழை சிறியது. ஒழுங்காக நிறுவப்பட்ட ஆய்வகக் குழாயின் நிறமாலையோடு ஒப்பிட்டால் எச்விஎல் மிக நெருங்கி வரும். பெரிய பிழைகள் நாம் தட்டச்சு செய்யும் எண்களிலிருந்து வருகின்றன.

முதலில் கேவி. கன்சோலில் 80 என்று காட்டினால் குழாயில் 80 இருக்க வேண்டும் என்பதில்லை. 5 கேவி வரை விலகலாம் என்று ஏஇஆர்பியே அனுமதிக்கிறது. அடுக்கு 2.3 என்று கொண்டால், 80-இல் 4 கேவி கூடினால் அவுட்புட் 12 சதவீதம் ஏறும். 60-இல் 5 கேவி கூடினால் 20 சதவீதம். அதாவது எல்லாச் சோதனையிலும் தேறிய மெஷினே குறைந்த கேவியில் கணிப்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு விலகி நிற்கலாம். குழந்தைகளுக்கும் கைகால்களுக்கும் போடும் கேவி இதுதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது ஃபில்டர். பெரும்பாலானோர் 2.5 மி.மீ. என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். அது 100 கேவிக்கு மேல் இயங்கும் மெஷினுக்கு இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச அளவு. உள்ளே இருப்பது அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். சரியான எண்ணுக்கு இரண்டு லேபிள்களைப் பார்க்க வேண்டும். குழாயின் உறையில் 0.7 அலுமினியம், 75 கேவியில் என்பது போல ஒன்று இருக்கும். கதிரின் பரப்பைச் சுருக்கும் கோலிமேட்டரில் அதன் கண்ணாடியையும் சேர்த்து இன்னொன்று இருக்கும். இரண்டையும் கூட்ட வேண்டும். அரை மி.மீ. தவறினால் என்ன ஆகும்? 80 கேவியில் எச்விஎல் 2.9 மி.மீ. என்று வைத்தால், வெறும் அடுக்குக்குறிக் கணக்கிலேயே அரை மி.மீ. அலுமினியம் 11 சதவீதத்தை விழுங்கும். உண்மையில் முதல் அரை மி.மீ. ஆற்றல் குறைந்த கதிர்களைப் பிடிப்பதால் இழப்பு இதைவிடச் சற்று அதிகம்.

டிஆர் (டிஜிட்டல் ரேடியோகிராபி) மெஷின்களில் இன்னொரு பொறி. கோலிமேட்டருக்குள் ஃபில்டர் சக்கரம் இருக்கும். உறுப்பைத் தேர்ந்தெடுத்ததும் 0.1 அல்லது 0.2 மி.மீ. தாமிரம் தானாக வந்து உட்காரும். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் காட்டும், சிலவற்றில் அதுவும் கிடையாது. 80 கேவியில் 0.1 மி.மீ. தாமிரம் அவுட்புட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். கணிப்புக்கும் அளவுக்கும் இவ்வளவு இடைவெளி வந்தால் குழாயைச் சந்தேகிப்பதற்கு முன்னால் சக்கரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது அலைவடிவம். ஸ்பெக்பை குழாயின் மின்னழுத்தம் நிலையாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறது. ஹை-ஃப்ரீக்வென்சி ஜெனரேட்டருக்கு இது ஏறக்குறைய உண்மை. சிறிய ஊர்களின் கிளினிக்குகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஒற்றைப் பேஸ் மொபைல் எக்ஸ்ரே மெஷின்களுக்கு இது உண்மையே இல்லை. அங்கே கேவி பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஏறி இறங்குகிறது. சைன் வர்க்கத்தின் சராசரி 0.5 என்பதால், அதே கேவி, அதே எம்ஏஎஸ்ஸில் அவுட்புட் பாதியளவுக்கு இறங்கிவிடும். எச்விஎல்லும் குறையும். இதற்கு வழி இருக்கிறது: அலையின் ஒரு பாதியைச் சம நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் கேவிக்கும் தனித்தனி நிறமாலை எடுத்து, சராசரி பார்க்க வேண்டும். பைத்தானில் பத்து வரி வேலை. உலாவி வடிவத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிக் கையால் கூட்டினால் அலுத்துவிடும். டாஸ்மிப் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு உள்ளீடாகவே வாங்கிக்கொள்ளும். பழையதாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அது வசதி.

நான்காவது, எந்த மாதிரியும் அறிய முடியாதது: ஆனோடின் வயது. புதிய தகடு வழவழப்பாக இருக்கும். வருடக்கணக்கில் சூடேறிக் குளிர்ந்ததில் மேற்பரப்பில் வெடிப்பும் குழியும் விழுந்து வறண்ட ஏரித்தரை போல ஆகிவிடும். குழிக்குள் பிறக்கும் ஃபோட்டான் வெளியே வர டங்ஸ்டனைத் துளைக்க வேண்டும். அவுட்புட் குறையும், எச்விஎல் லேசாக ஏறும். ஆவியான டங்ஸ்டன் குழாயின் கண்ணாடியில் படிந்து தானும் ஒரு ஃபில்டராகிறது. இந்தப் பிழைக்கு ஒரே திசைதான். ஆகவே பழைய குழாயில் ஸ்பெக்பை கூடுதலாகக் காட்டுவதே வழக்கம்.

எம்ஏஎஸ், தூரம் இரண்டும் எளிதாகச் சரிசெய்யக்கூடியவை. 10 மில்லிசெகண்டுக்குக் குறைவாக அடித்தால் கேவி ஏறும் நேரமும், அடித்து முடித்த பிறகு ஹைடென்ஷன் கேபிளில் தங்கிய மின்னூட்டம் வடியும் நேரமும் கணக்கைக் கெடுக்கும். 50 முதல் 100 மில்லிசெகண்டு வைத்து அளந்தால் போதும். தூரத்தை டேபிளிலிருந்தோ கோலிமேட்டர் முகத்திலிருந்தோ எடுக்காதீர்கள். உறையில் குறித்திருக்கும், கதிர் பிறக்கும் ஃபோக்கல் ஸ்பாட் புள்ளியிலிருந்து எடுங்கள். 100 செ.மீ.க்கு 1 செ.மீ. தவறினால் 2 சதவீதம், 50-க்கு 1 தவறினால் 4 சதவீதம். டிடெக்டர் கதிர்மையத்தில் இருக்கட்டும். ஆனோடு பக்கம் நகர்ந்தால், ஆனோடே கதிரை விழுங்கும் ஹீல் விளைவால் குறையும்.

கூட்டிப் பார்ப்போம். கேவியில் 12, ஃபில்டரில் 11, மீட்டரில் 5, தூரத்தில் 2. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 17 சதவீதம். ஆனோடின் தேய்மானம் இதற்கு மேல். லேபிளைப் பார்த்துக் கவனமாக எண் போட்டவருக்கே இந்த நிலை. 2.5 மி.மீ. என்று குருட்டாம்போக்கில் போட்டவருக்கு 30 சதவீத விலகல் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு அளவீடு எல்லாவற்றையும் மாற்றும்

ஒரே ஒருமுறை மீட்டர் கிடைத்தால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கியூஏ செய்ய வருபவரிடமாவது, ஸ்பெக்பையை உங்கள் மெஷினுக்குப் பூட்டிவிடலாம். 80 கேவியில் முதலில் உண்மையான கேவியை அளக்க வேண்டும். பிறகு எச்விஎல். குழாய்க்கும் டிடெக்டருக்கும் நடுவே அலுமினியத் தகடுகளை வைத்து, கோலிமேட்டரை டிடெக்டர் அளவுக்குச் சுருக்கி, தகடில்லாமல் ஒன்று, பிறகு 1, 2, 3, 4 மி.மீ. என்று. தகடு சுத்தமான அலுமினியமாக இருக்க வேண்டும். இரும்போ தாமிரமோ கலந்த வணிகத் தகடு கதிரைக் கூடுதலாகப் பிடித்து எச்விஎல்லைக் குறைத்துக் காட்டும். ஸ்பெக்பையில் அளந்த கேவியைப் போட்டு, ஃபில்டரைக் குறைவாகத் தொடங்கி, இரண்டு எச்விஎல்லும் ஒத்துவரும் வரை அலுமினியத்தைக் கூட்டுங்கள். குறித்த எச்விஎல் வர எத்தனை மி.மீ. சேர்க்க வேண்டும் என்று நேராகவே சொல்லும் கட்டளையும் அதில் இருக்கிறது. கடைசியாக, அளந்த அவுட்புட்டைக் கணித்ததால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அளந்தது 55, கணித்தது 68 என்றால் 0.81. இனி எந்தக் கேவிக்குக் கணித்தாலும் இதால் பெருக்கிக்கொள்ளலாம். கேவி நேர்மையாக இருக்கும் மெஷினில் இப்படிச் செய்த கணிப்பை 5 சதவீதம் அளவுக்கு நம்பலாம் என்பது எங்கள் மதிப்பீடு.

அந்த 0.81-ஐப் பெருக்கும் எண்ணாக மட்டும் பார்ப்பது வீண். 60, 80, 100 மூன்றிலும் விகிதத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் 0.81 என்றால் எம்ஏ கேலிபரேஷன் இறங்கியிருக்கிறது, அல்லது தூரத்தைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள். 60-இல் 0.72, 80-இல் 0.81, 100-இல் 0.86 என்று கேவியோடு ஏறினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நீங்கள் போட்டதைவிட ஃபில்டர் கூடுதல், அல்லது குறைந்த கேவியில் குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் குறைவு. எது என்பதை எச்விஎல் சொல்லிவிடும். அளந்த எச்விஎல் கணித்ததைவிடக் கூடுதல் என்றால் ஃபில்டர், அல்லது தேய்ந்த ஆனோடு. குறைவு என்றால் கேவி. சர்வீஸ் இன்ஜினியரிடம் படம் சரியில்லை என்று சொல்வதற்கும், 60-இல் கேவி இறங்குகிறது, 100-இல் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. டோஸைக் கணிப்பதைவிட இதற்காகவே ஸ்பெக்பையை நிறுவி வைத்துக்கொள்ளலாம். விகிதத்தை ஒவ்வொரு கியூஏவிலும் குறித்துக்கொண்டே வந்தால் குழாய் கிழடாவதும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பிரான்ஹா, ரேசேஃப் போன்ற செமிகண்டக்டர் மீட்டர்கள் ஒரே அடியில் கேவி, எச்விஎல், மொத்த ஃபில்டர் எல்லாவற்றையும் காட்டும். அந்த ஃபில்டர் எண் அளவீடு அல்ல. மீட்டருக்குள் இருக்கும் இன்னொரு மாதிரியின் கணிப்பு. அதை எடுத்து ஸ்பெக்பையில் போட்டுவிட்டு, பாருங்கள் ஒத்துப்போகிறது என்றால் இரண்டு ஜோசியர்கள் பேசிவைத்துக்கொண்ட கதைதான். சந்தேகம் இருக்கும் மெஷினில் தகடு வைத்து அளப்பதற்கு மாற்று இல்லை.

வெளிக்காற்று உள்ளே வரும் அயனி அறை வகை மீட்டர் வைத்து அளப்பவர்கள் வெப்ப, அழுத்தத் திருத்தத்தை விடவே கூடாது. சென்னையில் மறந்தால் சில சதவீதத்தோடு தப்பிக்கலாம். 2240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுதான். 15 பாகை வெப்பத்தில் திருத்தக் காரணி ஏறக்குறைய 1.29. மறந்தால் நல்ல குழாய் செத்த குழாயாகத் தெரியும். செமிகண்டக்டர் டிடெக்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

நோயாளியின் டோஸுக்கு வருவோம். இடுப்பு முதுகெலும்பு, முன்பின் படம், 80 கேவி, 25 எம்ஏஎஸ், ஃபோக்கஸிலிருந்து தோலுக்கு 75 செ.மீ. பூட்டிய 55-ஐப் போட்டால் 55-ஐ 25-ஆல் பெருக்கி, 100-ஐ 75-ஆல் வகுத்ததன் வர்க்கத்தாலும் பெருக்க 2.4 மில்லிகிரே. பூட்டாத 68-ஐப் போட்டால் 3.0. உடலிலிருந்து திரும்பிச் சிதறும் கதிரையும் சேர்க்க வேண்டுமானால் 1.35 அளவில் இன்னொரு பெருக்கல். ஸ்பெக்பை தருவது காற்றில் உள்ள கெர்மா மட்டுமே என்பதை மறந்துவிட்டு இரண்டு வகை எண்களையும் ஒரே பட்டியலில் கலப்பவர்கள் ஏராளம்.

ஸ்பெக்பையால் ஆகாதவை சில. ஃபோக்கஸுக்கு வெளியே பிறக்கும் கதிரை அது கணக்கில் எடுப்பதில்லை. சிடி மெஷினின் போ-டை ஃபில்டர் (நடுவில் மெலிந்து ஓரங்களில் தடித்த ஃபில்டர்) வடிவத்தை உற்பத்தியாளரிடம் வாங்கி நீங்களே ஊட்ட வேண்டும், அவர்கள் எளிதில் தருவதில்லை. உள்ளே பல இயற்பியல் தேர்வுகளும் இரண்டு வகை ஒடுக்கக் குணகத் தரவுகளும் (எந்தப் பொருள் கதிரை எவ்வளவு குறைக்கும் என்ற அட்டவணை) இருப்பதால் அறிக்கையில் பதிப்பு எண்ணையும் எந்தத் தேர்வில் ஓட்டினீர்கள் என்பதையும் எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு அதே எண் வராது.

பைத்தான் பழக்கம் உள்ள மெடிக்கல் பிசிசிஸ்டுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஹை-ஃப்ரீக்வென்சி மெஷினும் உலாவியும் மட்டும் உள்ள ஆர்எஸ்ஓவுக்கு (கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிக்கு) இணைய வடிவம் போதும். ஸ்பெக்கால்க் வைத்திருப்பவர்கள் சாதாரண டங்ஸ்டன் குழாய் வேலைக்காக அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை. மீட்டரே தொடாத மெஷினுக்கு இதன் எண்ணை வைத்து டோஸ் ரிப்போர்ட் எழுதுவதாக இருந்தால், பக்கத்தில் கூட்டல் கழித்தல் 30 சதவீதம் என்று போட்டே எழுதுங்கள். ஒற்றைப் பேஸ் மெஷினுக்கு அலைவடிவத்தைத் திருத்தாமல் எழுதவே வேண்டாம்.